பச்சைப்பயறு கல்

காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம். அங்கே கொஞ்ச நாளாகக் கல்யாணம் நடக்கவில்லை, கல்லெடுப்புதான் நடந்தது. பயறு சாமியார் வயிற்றைத் தடவுவார். கத்தியில்லை, ரத்தமில்லை, கிட்னியில் இருந்த கல் தாம்பாளத்தில் 'டிங்' என்று விழும். பனியன் கம்பெனி வேன்களில் கூட்டம் வந்து இறங்கியது. முதலாளிகள் காரில் வந்தார்கள். ஏமாறுவதில் மட்டும் நம் ஊரில் ஏற்றத்தாழ்வே கிடையாது!

சாமியாரின் தத்துவம் இதுதான்: பருப்பு, பயறு, கடலை, பாதாம் எல்லாமே கல்லின் விதை. துவரை தின்றால் மஞ்சள் கல், பச்சைப்பயறு தின்றால் பச்சைக் கல். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் விபூதியைக் கரைத்துக் குடிக்க வேண்டும். டாக்டர் மாத்திரையா? "அது வெசம்!"

தையல் யூனிட் வைத்திருக்கும் சுப்பையன் இதை அப்படியே நம்பினார். கிட்னி பழுதாகி, அக்கா தெய்வாத்தாள் தன் இடது கிட்னியைக் கொடுத்ததால் பிழைத்தவர் அவர். பருப்பை விட்டதில் ஆள் துரும்பாக இளைத்தார். மாத்திரையையும் நிறுத்தப்போவதாக அவர் சொன்னதும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நிறுத்தினா நாங் குடுத்த கிட்னி என்னடா ஆகும்?"

"சாமி பாத்துக்குவாருங்க்கா."

"அப்படியா? கெளம்பு. அந்தச் சாமிய நானும் பாக்கோணும்."

மண்டபத்தில் தம்பி முன்வரிசையில் கும்பிட்டபடி உட்கார்ந்தார். அக்கா மேடையேறினார்.

"ஏனுங்க சாமி, எடது பக்கம் சுருக்குன்னு வலிக்குதுங்க."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க அம்மிணி?"

"பச்சப்பயறு கடைஞ்சு சோறுங்க."

சாமியார் கண்ணை மூடினார். "தெரியுது. எடது கிட்னில கல்லு!" தடவினார். முனகினார். டிங்! பச்சைப் பசேலென்று ஒரு கல். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எடது கிட்னில இருந்துதானுங்களா?"

"சத்தியமா அம்மிணி. இப்ப அந்தக் கிட்னி பளிங்காட்ட இருக்குது."

சுப்பையன் மெதுவாக எழுந்தார். கும்பிட்ட கை கீழே இறங்கியது.

"சாமி, அக்காவோட எடது கிட்னி எங்கிட்டத்தானுங்க இருக்குது!" சட்டையைத் தூக்கி ஆபரேஷன் தழும்பைக் காட்டினார்.

மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. ஓடப்பார்த்த சாமியாரின் ஜிப்பாக் கையைத் தெய்வாத்தாள் பிடித்து உதறினார். மீன்தொட்டியில் போடும் கற்கள் கலர் கலராகக் கொட்டின.

"பாருங்க கண்ணுகளா, உளுந்து, தொவரை, கொண்டக்கடலை, எல்லாம் ஸ்டாக் வெச்சிருக்காரு!"

மிச்சத்தைப் போலீஸ் எண்ணிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் கலைமகள் சுப்பையனிடம் சொன்னார்: "வேகவெச்ச பயறு, உப்புப் போடாத கடலை, அளவாச் சாப்பிடலாமுங்க. எவ்வளவுன்னு உங்க ரத்தப் பரிசோதனையப் பாத்து நாஞ் சொல்றேன். மாத்திரைய மட்டும் ஒரு வேளைகூட விட்றாதீங்க."

வெள்ளகோவில் பக்கம் எலுமிச்சம்பழத்தில் சர்க்கரை வியாதியை இறக்கும் ஒருவர் கிளம்பியிருக்கிறாராம். நம் ஊரில் அதற்கும் வேன் பேசியாகிவிட்டது. ஐயா, ஊறவைத்தால் பயறுகூட முளைவிடுகிறது. மூளை மட்டும் எத்தனை நாள்தான் காய்ந்தே கிடக்கும்?