அப்பா ஓடிய ஓட்டம்

"மற்ற வாசலால போங்கோ எண்டு சொன்னனான் அப்பா!"

"வாயை மூடு. ரொறன்ரோவில எனக்குத் தெரியாத பார்க்கிங் லொட் இருக்கே?"

அருள்நாயகத்துக்குக் காலையிலிருந்தே கோபம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகக் கார் ஓட்டும் போட்டி. அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல் மகள் நிலாணி பெயர் கொடுத்துவிட்டாள். போட்டிக்கு வீட்டுக் கார்தான் வேண்டும். மோர்னிங்சைட் வீட்டிலிருந்து அதை அவள் ஓட்டிவர அவர் விடவில்லை. தானே ஓட்டினார், பிந்தினார், இப்போது பிழையான வாசலால் நுழைந்தும் விட்டார்.

எதிரே வரிசையாகச் செம்மஞ்சள் கோன்கள்.

"ஐயோ, இது போட்டி ஓடுற பாதை!"

"எந்த விசரன் உதுகளை இதில அடுக்கினவன்?"

கத்திக்கொண்டே ரிவேர்ஸ் எடுத்தார். பின்னால் இரண்டு கோன்கள் சரிந்தன. அதிலிருந்து தப்பப்போய் முன்னால் ஒன்றின்மேல் ஏற்றினார். அது காருக்கு அடியில் சிக்கிக் கிறீச்சிட்டது. ஆத்திரத்தில் அக்சிலேட்டரை மிதித்தார். ஸ்டொப் சைன் பறந்தது. பாதை கடப்பதுபோல் நிறுத்தியிருந்த அட்டைப் பொம்மை காரின் முன் பொனற்றில் ஏறிக் குந்தியது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஐம்பதுகளில் அமெரிக்கப் பெடியள் ஓடிய இத்தகைய போட்டிகளின் வரலாற்றை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த அமைப்பாளர் நவரட்ணம், பேச்சை நிறுத்திவிட்டுக் கூவினார்: "பிள்ளையள், வடிவாப் பாருங்கோ!"

அருள்நாயகம் கதவை அறைந்து சாத்தி இறங்கினார்.

"என்னடா பல்லைக் காட்டுறியள்? ஒரு மனுசன் அந்தரப்படேக்க உங்களுக்குச் சிரிப்போ?"

விசில் பறந்தது. பொம்மையைப் பிடுங்கி நிலத்தில் அடித்தார். கைதட்டு இரட்டித்தது. நிலாணி காருக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இறங்காதை! போட்டியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வீட்ட போறம்!"

நவரட்ணம் ஓடிவந்து அவர் இரு கைகளையும் பிடித்தார். "அண்ணை, என்ன ஓட்டம்! இப்பிடி ஒருத்தர் ஓடி நான் கண்டதில்லை."

அன்று முதல்தடவையாக அருள்நாயகத்தின் கோபம் தளர்ந்தது. "எல்லாம் பழக்கந்தான் தம்பி," என்றவர், கார்த் திறப்பை மகளிடம் நீட்டினார். "போ. என்னைப்போல ஓடு."

நிலாணி ஒரு கோனிலும் முட்டாமல் ஓடி முதற்பரிசு பெற்றாள். "பழக்கினது நான்," என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார் தகப்பன். அவரையும் மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை தோளில் விழும் நேரம், மூச்சிரைக்க ஒருவர் மேடையேறி நவரட்ணத்திடம் போனார்.

"குறை நினையாதையுங்கோ அண்ணை, வழியில கார் நிண்டிட்டுது. போனில கதைச்ச சூசைதாசன் நான்தான். கார் எப்பிடி ஓடக்கூடாதெண்டு பிள்ளையளுக்கு ஓடிக்காட்ட வந்தனான்."