பஞ்சமுறைச் சாமியின் ஆய்வு மாநாடு

பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிற்று. ஃபாக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. அந்த வருடங்களில் நீலகிரி மலையில் விலை ஏறிய சரக்கு ஒன்றே ஒன்றுதான்: பஞ்சமுறைச் சாமி.

சாமிக்குத் தாடி உண்டு, ஜீப்பு உண்டு. காசநோயோ, வாதமோ, மூச்சிரைப்போ, எதற்கும் ஒரே வைத்தியமும் உண்டு. கஷாயம், கயிறு, மூலிகைப் புகை, ஓடைக் குளியல், பட்டினி. ஐந்தும் சேர்ந்தால்தான் பலிக்குமாம். ஐந்தில் எது நோயைத் தீர்க்கிறது என்று கேட்டால் சாமி சிரிப்பார். தீராவிட்டால் ஏதோ ஒன்றில் நீங்கள் தவறிவிட்டீர்கள் என்பார். தோற்கவே முடியாத வைத்தியம்! ஒரே நிபந்தனை, ஆஸ்பத்திரி மாத்திரை கூடவே கூடாது.

விஞ்ஞான யுகமல்லவா? சாமி ஒரு டாக்டரையும் வைத்திருந்தார். பெயர் குமாரசாமி. எதில் டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஊர் ஊராக வைத்தியத்தை ஆராய்ந்து, முடிவுகளை ஒன்றாகத் தொகுத்துவிட்டாராம். அதை வெளியிடத்தான் கீழ் கோத்தகிரியில், மூடிக்கிடந்த ஃபாக்டரியின் இலை வாட்டும் கூடத்தில் மாநாடு. வேலை இல்லாத மலையில் கூட்டம் சேர்ப்பதா கஷ்டம்? நிற்க இடமில்லை.

கந்தனும் அவன் மனைவி ஆயம்மாளும் முன்வரிசையில் இருந்தார்கள். ஆயம்மாளுக்குக் காசநோய். அரசு மாத்திரையில் இருமல் குறைந்து, இப்போதுதான் சோறு இறங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் சில மாதம் விடாமல் விழுங்க வேண்டும். கந்தனுக்குப் பொறுமையில்லை. மாத்திரைப் பொட்டலத்தைச் சாமி காலடியில் போட்டுவிட்டு அவளுக்குக் கயிறு கட்டுவது என்று முடிவு கட்டியிருந்தான். பொட்டலம் அவன் சட்டைப் பையில் இருந்தது. மனைவியின் உயிரும் அங்கேதான் இருந்தது.

"ஏனுங்க, இருமல்தான் கொறஞ்சுருச்சுங்களே?" என்றாள் ஆயம்மாள்.

"கொறஞ்சாப் போதுமா? சாமி கையில ஒரேயடியாப் போயிருமாம்."

"கூடவே நானும் போயிட்டா?"

கந்தன் மேடையைப் பார்த்துக் கும்பிட்டான். பக்திக்குக் காது கொஞ்சம் மந்தம்.

மேடையில் சாமி நாற்காலியில் வீற்றிருக்க, டாக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பந்தலூரில் பஞ்சமுறையால் குணமடைந்தவர்கள் வருக!"

கம்பளியும் குரங்குக் குல்லாயுமாக ஒரு கும்பல் மேடையில் ஏறிக் கும்பிட்டு, மறுபக்கக் கதவு வழியாக இறங்கிப் போனது. கைதட்டல். அடுத்து ஸ்ரீமதுரை. அதே போல ஒரு கும்பல். அதைவிடப் பெரிய கைதட்டல். குளிரில் எல்லோரும் மூடித்தான் இருப்பார்கள். யார் முகத்தைப் பார்க்கிறார்கள்?

ஆயம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை, இருமலைக் கேட்டாள். பந்தலூர்க் கும்பலில் ஒரு நாய்க்குரைப்பு இருமல். ஸ்ரீமதுரைக் கும்பலிலும் அதே இருமல். மாதக்கணக்காக இருமியவளுக்கு இருமல் அடையாளம் தெரியாதா? குணமானவன் எதற்கு இருமுகிறான் என்பது வேறு விஷயம்.

அவள் எழுந்து நின்றாள். "டாக்டரய்யா, ஒரு ஆசைங்க. பந்தலூர்க்காரங்க மறுபடி மேல ஏறி, எறங்காம அங்கயே நிக்கட்டுங்க. அப்பறம் ஸ்ரீமதுரைக்காரங்க வரட்டும். எல்லாத்தையும் ஒண்ணா நிக்க வெச்சுக் கும்புட்டுக்கறமுங்க."

"நல்ல யோசனை! நிறுத்துங்க!" என்று கூட்டம் கத்தியது. கும்பிட வேண்டாம் என்று எந்தச் சாமியால் சொல்ல முடியும்?

பந்தலூர் ஏறியது, நின்றது.

"ஸ்ரீமதுரை வருக!" என்றார் டாக்டர். குரல் தேய்ந்திருந்தது.

கதவில் ஒருவரும் இல்லை. மேடையில் நின்ற ஒருவன் மட்டும் இருமினான். பிறகு குல்லாயைக் கழற்றினான்.

"ரெண்டு ஊரும் நாங்கதானுங்க. வேலையில்லாமக் கெடந்தேனுங்க. மூணு வேளை சோறு போடறேன்னாங்க," என்றான்.

ஆயம்மாள் இன்னும் உட்காரவில்லை. "குணமானவங்களப் பாத்தாச்சுங்க. ஆகாதவங்க எங்கீங்க?"

பின்னால் செல்லையா என்றொருவர் எழுந்தார், பந்தலூரிலிருந்து வந்தவர். "என் சம்சாரம் மாத்திரைய நிப்பாட்டி, அஞ்சும் செஞ்சா. அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கேன்." அவரைத் தொடர்ந்து அங்கங்கே ஆட்கள் எழுந்தார்கள். வெட்கப்பட்டு இத்தனை நாளும் ஆளுக்கொரு மூலையில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள்.

"சிகிச்சையை முழுமையாக முடிக்காதவர்கள் தொகுப்பில் சேரமாட்டார்கள்," என்றார் டாக்டர்.

"செத்தவங்க எப்படிங்க முடிப்பாங்க?" என்றாள் ஆயம்மாள்.

டாக்டருக்கு இதற்கான பாடம் நடத்தப்படவில்லை போலும். திரும்பிப் பார்த்தார். சாமியைக் காணோம். வெளியே ஜீப்பு கிளம்பும் சத்தம் கேட்டது. ஞானதிருஷ்டி வேலை செய்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

கந்தன் தலையைக் குனிந்துகொண்டு பொட்டலத்தை நீட்டினான். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "இனி இது என்ற கையிலயே இருக்கட்டும்," என்றாள்.

சாமி வேறு மலையில் வேறு பெயரில் மேடை போடுவார். போடட்டும். ஏறியவர்களுக்குக் கைதட்டும் முன், ஏற முடியாமல் போனவர்கள் எங்கே என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டால் நாக்கு அழுகாது. கேட்காமல் இருந்ததால்தான் செல்லையா அன்று தனியாக வீடு திரும்பினார்.