ஒரு நாளைக்குப் பதினோராயிரம் சொற்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உடம்புக்கு வந்தால் மட்டும்தான் உனக்கு என் நினைவு வரும், அப்படி ஒன்றும் தகவல் இல்லை. உன் மகள் போனில் அவள் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் பேத்தி பொடிசுக்கு இரண்டே கால் வயது ஆகியும் பேச்சு வரவில்லை என்பது உனக்குத் தெரியும். மேல்மாடியிலிருந்து காலை எட்டு மணிக்கு என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். உன் மகள் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் பேச்சைத்தான் ஆராய்கிறாள், ஆனால் சொந்தக் குழந்தை வாயைத் திறக்கவில்லை. மொழி என்பது பிறக்கும்போதே குழந்தைக்குள் இருக்கிறதாம், நாம் அதன் காதில் பேச்சைக் கொட்டிக்கொண்டே இருந்தால் போதுமாம், தப்பாகச் சொன்னாலும் திருத்தவே கூடாதாம். மாப்பிள்ளை காவல் நாய்களைப் பழக்குகிறவர் இல்லையா, அவருக்கு வேறு சித்தாந்தம். எதுவும் உள்ளே இருந்து வராது, பழக்கினால்தான் வரும், ஒரு சொல்லுக்கு ஒரு உலர்திராட்சை என்று டப்பாவோடு உட்கார்ந்துவிட்டார். பொடிசு திராட்சை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை இரண்டு நாளில் கற்றுக்கொண்டது. சொல் எதையும் கற்கவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் நமக்குச் சொன்னதைத்தான் செய்தேன்: முழு வாக்கியமாகக் கேட்டால்தான் கேட்டது கிடைக்கும். "எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும்" என்று சொல், தருகிறேன் என்றேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்துவிட்டு இறங்கியது.

போன மாதம் உன் மகள் ஒரு கையில்லாச் சட்டை கொண்டுவந்தாள். அதன் பையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவி. குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை சொற்கள் கேட்கிறது, எத்தனை சொல்கிறது என்று அதுவே எண்ணிவிடுமாம். கிட்டத்தில் கேட்கிற குரல் குழந்தையுடையது, தள்ளிக் கேட்பது பெரியவர்களுடையது என்று அதற்கு ஒரு கணக்கு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பொடிசு அந்தச் சட்டையைப் பத்து நிமிடம்கூடப் போட்டுக்கொள்ளாது, கழற்றி எறிந்துவிடும். விலை உயர்ந்த கருவி, தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தால் யார் பதில் சொல்வது? அதனால் கருவியை எடுத்து என் புடவைத் தலைப்பில் ஊக்கு வைத்துக் குத்திக்கொண்டேன். மூன்று வாரம் அப்படியே இருந்தது. நிறையப் பேசுங்க அத்தை என்று சொல்லியிருந்தாளே, குறை வைப்பேனா? குளிர்சாதனப் பெட்டியின் உபயோகக் குறிப்பை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தேன், குடியிருப்போர் சங்கத்தின் விதிமுறைகளை வாசித்தேன். அதுவும் தீர்ந்த பிறகு, வாயை மூடி வைத்தால் வீணாகிறதே என்று, தினமும் உனக்குப் போன் செய்தேன்.

மூன்றாம் வாரம் உன் மகள் மூச்சு வாங்க ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். குழந்தை ஒரு நாளைக்குப் பதினோராயிரம் சொற்கள் பேசுகிறதாம், உலகத்திலேயே இப்படி ஒரு குழந்தையை யாரும் பதிவு செய்ததில்லையாம், நம் எதிரில்தான் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறதாம். அந்த அழுகையைப் பார்த்தபின் தலைப்பு விஷயத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் பல்கலைக்கழகத்தில் அவள் துறைத் தலைவி, பதிவைக் கேட்க எல்லோரையும் கூட்டி உட்கார வைத்துவிட்டார்கள். முன்வரிசையில் நான், பக்கத்தில் மாப்பிள்ளை, என் மடியில் பொடிசு. ஒலிபெருக்கியில் கணீரென்று என் குரல் வந்தது: "நாய்க்கெல்லாம் உட்காரச் சொல்லித் தர்றான், தனக்கு நிமிர்ந்து உட்காரத் தெரியல. நம்ம பொண்ணு எதப் பாத்து மயங்கினாளோ." மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுமுனையில் நீ விழுந்து விழுந்து சிரித்தது மட்டும் பதிவாகவில்லை. உனக்கு எப்போதுமே அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்தோம். மாப்பிள்ளை உள்ளே நுழைந்து, வழக்கம் போலக் கதவை டமாரென்று அறைந்து சாத்தினார். பொடிசு திரும்பி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கதவ மெதுவா சாத்துங்க. எத்தன தடவ சொல்றது?" என்றது.

தம்பி, அதை நான் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் ஐந்நூறு முறை சொல்லியிருக்கிறேன், அவருக்கு வரவில்லை. பக்கத்தில் கட்டையை உருட்டிக்கொண்டிருந்த குழந்தைக்கு வந்துவிட்டது. அந்த நிமிடமே சந்தோஷப்பட்டிருக்கலாம், எங்கே விட்டார்கள்? உன் மகள், பாத்தீங்களா, உள்ளே இருந்துதான் வந்தது என்றாள். மாப்பிள்ளை, எல்லாம் என் திராட்சையால்தான் என்றார். முழு வாக்கியம், அதுவும் மரியாதையோடு, சிஸ்டர் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார் என்றேன் நான். பேச்சு முற்றி, பழைய குப்பையெல்லாம் கிளறி, கடைசியில் உன் மகள் சொன்னாள்: "அத்தை, ஒண்ணாந்தேதியிலேருந்து அவள மழலையர் பள்ளியில விடறோம். அங்க பேசறதுக்கு நாலு பிள்ளைங்க இருக்கும். உங்ககிட்ட இருந்தா அவ உங்கள மாதிரியே ஆயிடுவா."

எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. பகல் முழுக்க ஒரு பிள்ளையின் பின்னால் ஓட எனக்கும் முட்டி வலிக்கிறது. உன் அத்தான் போன பிறகு எட்டு மணியிலிருந்து ஆறு மணி வரை வீடு எவ்வளவு ஒழுங்காக இருந்தது தெரியுமா, வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். அப்படியே இருக்கட்டும். அவர்கள் கூப்பிட்டாலும் இனி நான் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக இல்லை. இதை நீயே உன் மகளிடம் தெளிவாகச் சொல்லிவிடு. நான் கெஞ்சுகிறவள் அல்ல.

உன் மனைவிக்கு என் ஆசிகள். நீ மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு, யார் எது சொன்னாலும் சிரிக்காமல் இரு.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. உன் மகளிடம் ஒன்றும் சொல்லாதே. பொடிசைச் சேர்க்கப்போகிற அந்தப் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். "குழந்தைகள் எப்படிப் பேசக் கற்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று தலைமை ஆசிரியை கேட்டாள். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படித்தான் என்றேன். திங்கட்கிழமை சேருகிறேன்.