படம் எடுத்த மனிதர்

ஞாயிறு ஆராதனை முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்த தங்கராஜு பாதியிலேயே நின்றுவிட்டார். எதிரே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மலாய்க்காரர் கைப்பேசியை உயர்த்தி, சபைக் கட்டடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் ஏதோ அட்டை தொங்கியது. எடுத்தவர் அத்தோடு போகவில்லை. கட்டடத்துக்கும் சாலைக்கும் நடுவே எட்டு வைத்து அளந்தார். அண்ணாந்து மின்கம்பியைப் பார்த்தார். சிலுவையையும் பார்த்தார்.

செனாய் நகரில், பைரோஸின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அந்தச் சபை நடந்துவந்தது. தங்கராஜு அதன் செயலாளர். வேலை நேரத்தில் தொழிற்சாலை சூப்பர்வைசர். மற்ற நேரமெல்லாம் மதச் சுதந்திரம். உலகத்தில் எந்த மூலையில் எந்தத் தேவாலயத்தின் கண்ணாடி உடைந்தாலும் சபையின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் போடுபவர் அவர்தான். அரசியல் சட்டத்தில் மத உரிமை தரும் பதினோராவது பிரிவு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். விசுவாசத்துக்காகச் சிறைக்குப் போகவும் தயார் என்று பிரசங்க மேடையிலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் வரும் சனிக்கிழமை இதே மாடியில் மகள் ஷர்மினிக்குக் கல்யாணம். சிறைக்கு அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்.

பைரோஸிடம் விசாரித்தார்.

"சனிக்கிழம எத்தனை மணிக்கு ஆரம்பம், எப்ப முடியும், எவ்வளவு பேர் வருவாங்கன்னு கேட்டாருண்ணே. யாருன்னு நான் கேக்கறதுக்குள்ள போயிட்டாரு. கடையில கூட்டம்லா."

வந்தவர் அரசாங்க அதிகாரி என்று தங்கராஜு அங்கேயே முடிவு கட்டிவிட்டார். கடைவீட்டு மாடியில் சபை நடத்தலாமா என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஆள்களோடு வந்து கல்யாணத்தை நிறுத்தப்போகிறார்கள். பாஸ்டரோ சரவாக்கில்; சனிக்கிழமை காலை விமானத்தில்தான் திரும்புவார். ஆகவே சபையைக் காப்பாற்றும் பொறுப்பைத் தங்கராஜுவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

முதலில் டிரம்ஸுக்குத் தடை போட்டார். பாடகர் குழு கல்யாணப் பாட்டை முணுமுணுத்துப் பயிற்சி செய்தது. மேலே யாராவது தவறிவிட்டார்களா என்று கீழே ரொட்டி சானாய் சாப்பிட வந்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள். மறுநாள் அவர் சிலுவையைக் கழற்றி, படுக்கைவிரிப்பில் சுற்றி, ஒரு முனையைத் தான் பிடித்து, மறுமுனையை மனைவி செல்வராணியைப் பிடிக்கச் சொல்லி இறக்கினார். பார்த்தவர்களுக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது. இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

சிலுவை போன பிறகுதான் இன்னொரு வம்பு தெரிந்தது. அது மறைத்திருந்ததால் வெயில் படாத இடத்தில், சுவரில் அதன் அச்சு சிலுவையைவிடப் பளிச்சென்று இருந்தது. ஷர்மினி முன்பு டியூஷன் எடுத்தபோது செய்த விளம்பரப் பேனரைத் தங்கராஜு தேடியெடுத்து, அச்சையும் பெயர்ப்பலகையையும் சேர்த்து மூடினார். சாயங்காலமே பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் வந்துவிட்டார்கள். அவர்களைச் சமாளித்து அனுப்பியவர், யார் வந்து சர்ச் எங்கே என்று கேட்டாலும் இங்கே இல்லை என்று சொல்லும்படி பைரோஸிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"என்னங்க, சம்பந்தி வீட்டு ஆளுங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்றார் செல்வராணி.

"மேப் இருக்குல்ல, வந்துருவாங்க."

சனிக்கிழமை பாஸ்டர் விமானத்திலிருந்து நேராக வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளை மட்டும் நண்பனின் காரில் நேரத்தோடு வந்துவிட்டார். ஒத்திகைக்கு வந்து போனதால் அவருக்கு வழி தெரியும். அவர் அம்மாவும் உறவினர்களும், முக்கியமாகத் தாலியும், சொந்த ஊரான ஆயர் ஈத்தாமிலிருந்து வாடகை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். பத்து மணிக் கல்யாணம். பதினொன்று ஆயிற்று. பஸ்ஸைக் காணோம். ஒருவரும் போனை எடுக்கவில்லை. ஷர்மினி அழ ஆரம்பித்தாள். அதைப் பார்க்கத் தங்கராஜுவால் முடியவில்லை, கீழே ஓடினார்.

"காலையில ஒரு பஸ் வந்துச்சா பைரோஸு?"

"வந்துச்சுண்ணே. பட்டுச்சேலை கட்டுன அம்மா ஒருத்தவங்க எறங்கி, சர்ச் எங்கன்னு கேட்டாங்க." பைரோஸ் பெருமையோடு நிமிர்ந்தார். "நான் வாயத் தொறக்கலையே. இங்க சர்ச்சே கெடையாதுன்னுட்டேன்."

பஸ் அங்கிருந்து பக்கத்து ஊரான கூலாய்க்குப் போய், கல்யாணம் நடந்துகொண்டிருந்த ஏதோ ஒரு தேவாலயத்தின் வாசலில் நின்றிருக்கிறது. எல்லாரும் பக்தியோடு போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மணமேடைக்கு வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சம்பந்தியம்மாளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

மாப்பிள்ளையிடம் போனில் இடம் கேட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு ஒரு வழியாக பஸ் வந்து நின்றது. சம்பந்தியம்மாள் யாரையும் பார்க்காமல் தாலியோடு மாடிக்கு ஓடினார். தடையெல்லாம் மறந்து மேலே டிரம்ஸ் முழங்கியது. தங்கராஜுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியவர் அதே மனிதர். கழுத்தில் அதே அட்டை. அதில் பஸ் கம்பெனியின் பெயர் இருந்தது.

செடெனாக் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவராம். தமிழ் சரளமாக வந்தது. பெரிய பஸ்ஸாயிற்றே என்று முன்கூட்டியே வந்து, நிறுத்த இடத்தை அளந்து, கம்பி இடிக்குமா என்று பார்த்து, அடையாளத்துக்குப் படமும் எடுத்துப் போனதாகச் சொன்னார். காலையில் சிலுவை இருந்த இடத்தில் டியூஷன் பேனரைப் பார்த்ததும், ஒரே மாதிரி இருந்த கடைவரிசையில் இடம் மாறி வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாராம். கைப்பேசியைத் தங்கராஜுவிடம் நீட்டினார். படத்தில் சிலுவை வெயிலில் மின்னியது.

"இதைக் கழட்டுனவன சும்மா விடாதீங்கண்ணே," என்றார் அவர் உண்மையான கோபத்தோடு. "கல்யாணம் முடியட்டும், போலீஸ்ல ரிப்போர்ட் குடுப்போம், நான் வந்து சாட்சி சொல்றேன்."