கிரேக்கர் வாதாடிய மெத்தை வழக்கு

அன்று பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கூடியிருந்தவர்கள்: குடியிருப்புச் சங்கத் தலைவர், மூன்றாம் மாடி ராஜி அக்கா, சாட்சியாக அவருடைய நனைந்த மெத்தை, குற்றவாளியாக நான், அப்புறம் என் பக்கம் பேச வந்த கிரேக்கர்.

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும், ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றத்தைப் பக்கத்துத் தெருபோலப் பேசுகிற சாவி வெட்டுபவர் இவர் ஒருவர்தான். சட்டம் படிக்கிற யாரோ அவர் கடையில் மறந்துவிட்டுப் போன தடித்த கிரேக்கச் சட்டப் புத்தகத்தால் வந்த பட்டப்பெயர்தான் கிரேக்கர். சாவி வெட்டக் கொடுத்தால், "நீதின்னா என்னா?" என்று கேட்பார். பதில் வரும்வரை சாவி வராது. எத்தனையோ பேர் அவரால் வீட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். நான் படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். பதில் தெரியாததால் அதிக நேரம் நின்றவன்.

என் குற்றம் இதுதான். தண்ணீர் வெட்டு நாளில் குழாயைத் திறந்து பார்த்தேன், சொட்டு இல்லை. கேஸ் அடுப்பை மூடினேனா என்று நான்கு தடவை பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். குழாயை மறந்தேன். மதியம் தண்ணீர் வந்தது, ராஜி அக்கா வீட்டு சீலிங் வழியாக.

"ரெண்டாவது தடவ, தலைவரே. ஓனர்கிட்ட சொல்லி இவர காலி பண்ண வைங்க," என்றார் அக்கா.

அந்த வாடகைக்கு வேறு வீடு எங்கே கிடைக்கும்?

கிரேக்கர் எழுந்தார். "ஏதென்ஸ்ல கேஸ் போட்டவரு ஒரு தண்டனை கேப்பாரு. குத்தவாளி ஒண்ணு சொல்லுவான். சபை ரெண்டுல ஒண்ணத்தான் எடுக்கணும்."

தலைவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. "அப்படியா? சரி தம்பி, நீங்க ஒண்ணு சொல்லுங்க."

கிரேக்கர் என் காதில், "அங்க ஒரு பெரியவரு, தண்டனையா எனக்கு விருந்து போடுங்கன்னாரு. நஞ்சு கொடுத்துட்டாங்க. பாத்துப் பேசு லா," என்றார்.

நஞ்சு என்றதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. "புது மெத்தை வாங்கித் தரேன். சீலிங்குக்குச் சாயம் அடிக்கிறேன். ஆறு மாசம் படிக்கட்டு கூட்டுறேன். அப்புறம் வீட்டையும் காலி பண்ணிடுறேன்."

கிரேக்கர் தலையில் கைவைத்தார். "கேஸ் போட்டவங்களவிட கூடுதலா கேட்ட குத்தவாளிய நான் எந்தப் பக்கத்துலயும் படிச்சதில்ல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெத்தை மட்டும் போதும், அண்ணே. இருந்துட்டுப் போகட்டும்."

"சொன்ன தண்டனைய மாத்த முடியாது, அக்கா. அதான் சட்டம்," என்றார் கிரேக்கர். என் வக்கீலே என்னைத் தெருவில் நிறுத்தப் பார்த்தார்.

"வளையற சட்டமே அங்க இல்லையா, அண்ணே?" என்று கேட்டார் தலைவர்.

கிரேக்கர் மெத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இருக்கு. அங்க ஒரு தீவுல கொத்தனாருங்க ஈயத்துல அளவுகோல் வச்சிருந்தாங்க. கல்லு எப்படியோ, கோல் அதுக்கேத்தபடி வளையும். சட்டத்தையும் சில நேரம் அப்படி வச்சு அளக்கணுமாம்." என் பக்கம் திரும்பினார். "இவன் கொஞ்சம் கோணலான கல்லு."

தலைவரும் வளைந்தார்: மெத்தை மட்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டாம். மெத்தைக்கான பணத்தை அன்றே கட்டியவரும் கிரேக்கர்தான். இப்போது கிள்ளானில் கடை போட்டிருக்கிறார். மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய், அந்தக் கடனுக்குப் பத்து வெள்ளி நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வியை வாங்கி வருகிறேன். எல்லாவற்றுக்கும் பதறுகிற எனக்கு, இந்தக் கடன் சீக்கிரம் தீர்ந்துவிடுமோ என்பதுதான் இப்போதைய பதற்றம். பாக்கி எழுபது வெள்ளி.