இடப்பக்கத்து நட்டு

நட்டு அசைவதாக இல்லை. கவுஸ் பாஷா வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதித்தும் பார்த்துவிட்டார்.

பொம்மிடி போகும் சாலையில், வத்தல்மலை நீலமாகத் தெரிகிற ஒரு வளைவில், அவருடைய ஸ்டூடிபேக்கர் கார் பின்பக்கத்து இடது டயரில் காற்றுப் போய்ச் சாய்ந்து நின்றது. புளிய மரத்தடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் அப்துல் சுபான். கவுஸ் பாஷாவின் மகள் சுல்தானாவைப் பெண் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்தவன். இன்னொருவர் அவன் தாயார் ரோஷன் பீ. இருவரையும் பொம்மிடி ஸ்டேஷனில் சாயங்கால ரயிலில் ஏற்றிவிட வேண்டும்.

காலையில் தருமபுரி வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பெண்ணைப் பார்த்தார்கள். பிரியாணி சாப்பிட்டார்கள். பிடித்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லவில்லை. "ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோம்" என்று ரோஷன் பீ எழுந்ததும், கவுஸ் பாஷாவின் மனைவி ஜான் பீக்கு முகம் விழுந்துவிட்டது. இதற்கு முன் வந்துபோனவர்களும் அதையேதான் சொன்னார்கள். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கவுஸ் பாஷா கலங்கவில்லை. "ஸ்டேஷன் வரைக்கும் நம்ம கார்ல போறாங்க இல்ல? எறங்கறப்ப சம்மதம் சொல்லிட்டுத்தான் எறங்குவாங்க. நீ பாத்துக்கினே இரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். புளி மண்டி வியாபாரத்தில் அவர் சொன்ன விலை படியாமல் போனதில்லை. கார் விஷயத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார். ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவரிடமிருந்து அதை வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அதைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டதாக அவர் எண்ணம்.

சுபான் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தான். "மாமா, நான் வேணா ஒரு கை..."

"அதெல்லாம் வேணாம் தம்பி. மெட்ராஸ்ல கம்பெனி உத்தியோகம் பாக்கற ஆளு நீங்க. ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து கையெழுத்துப் போடற கை. இதுல மசியப் பூசிக்கலாமா? போயி நெழல்ல ஒக்காருங்க."

சுபான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அவரைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், திரும்பிப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அடக்கமான பையன் என்று கவுஸ் பாஷா மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பச்சியப்பன் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"என்னங்க பாய், நட்டு வரலீங்களா?"

"எஸ்டேட்காரன் முடுக்கின முடுக்கு அப்பிடி. நீளமா பைப்பு ஏதாவது கெடக்குதா?"

கிணற்றடியில் பம்புசெட்டுப் பைப்பு ஒன்று கிடந்தது. அதை ஸ்பேனரின் பிடியில் செருகினார்கள். கவுஸ் பாஷா முன்னால், பச்சியப்பன் பின்னால். எல்லா நட்டையும் எப்படிக் கழற்றுவார்களோ அப்படியே, இடது பக்கமாகத் திருப்பி அமுக்கினார்கள்.

கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

"வருது, வருது. விடாத, இன்னும் அமுக்கு."

படக்கென்று இருவரும் மண்ணில் விழுந்தார்கள். எழுந்து பார்த்தால் நட்டு கையோடு வந்திருந்தது. அது மாட்டியிருந்த போல்ட்டின் பாதியும் கூடவே வந்திருந்தது.

"ஒண்ணு கழண்டுடுச்சு" என்றார் கவுஸ் பாஷா, தூசியைத் தட்டிக்கொண்டு.

"கழண்ட மாரி தெரியலீங்க பாய். ஒடிஞ்ச மாரி இருக்குதுங்க."

"எப்பிடி வந்தா என்ன, வந்துடுச்சு இல்ல."

மற்ற நட்டுகளும் அப்படியே வரட்டும் என்று பைப்பைத் தூக்கியபோது, பொம்மிடிப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் மாரப்பன் இவருடைய மண்டிக்குப் புளி ஏற்றி வருகிறவன். இறங்கி வந்து ஒடிந்த போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்ன பாய் பண்றீங்க? நீங்க கழட்டல, முடுக்கறீங்க. இது எதிர்மரை. மத்த வண்டியில முடுக்கற பக்கமாத் திருப்பினாத்தான் இதுல கழலும்."

ஸ்பேனரை வாங்கி வலது பக்கமாகத் திருப்பி ஓங்கி ஒரு மிதி மிதித்தான். நட்டு முனகிக்கொண்டு கழன்றது. அடுத்ததும் அப்படியே.

"அவ்வளவுதானே? இந்த வண்டிக்கு எல்லாமே ஏறுமாறு. புரிஞ்சுபோச்சு" என்றார் கவுஸ் பாஷா.

"இல்லீங்க பாய், இந்தப் பக்கத்துக்கு மட்டும்..."

"புரிஞ்சுபோச்சுங்கறேன் இல்ல? மண்டியில சரக்கு எறங்கணும். நீ கெளம்பு."

மாரப்பன் கிளம்பிவிட்டான். கவுஸ் பாஷா மிச்ச நட்டுகளையும் கழற்றி, ஸ்டெப்னியைப் போட்டு, இருக்கிற நட்டுகளை இடது பக்கமாகத் திருப்பி இறுக்கினார். சக்கரம் கச்சிதமாக நின்றது. அவருக்குப் பழைய தெம்பு முழுதாகத் திரும்பிவிட்டது.

அந்தத் தெம்போடு அவர் காரைச் சுற்றி வலது பக்கம் போனார். ரோஷன் பீக்குத் தாகம் என்று சுபான் அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போயிருந்தான். தடுக்க ஆளில்லை.

"பச்சியப்பா, இந்தப் பக்கமும் ஒருவாட்டி முடுக்கிடலாம். சம்பந்தி ஆகப்போற ஜனங்கள ஏத்திக்கினு போறேன், பாரு."

முன்சக்கரத்து நட்டில் ஸ்பேனரை மாட்டி இடது பக்கமாகத் திருப்பினார். கொஞ்சம் அடம் பிடித்துவிட்டுச் சுலபமாகச் சுற்றியது.

"பாத்தியா, எவ்வளவு லூசா இருக்குது? நல்லவேள, பாத்தேன்."

ஒவ்வொரு நட்டுக்கும் நாலைந்து சுற்று. அதற்கு மேல் திருப்பினால் மரை போய்விடும் என்று தானே நிறுத்திக்கொண்டார். பின்சக்கரத்துக்கு நேரமில்லை.

எல்லோரும் ஏறினார்கள். சுபான் பின்னாலிருந்து, "மெதுவாவே போங்க மாமா. அவசரமில்ல" என்றான்.

"ரயிலு போயிடுமே தம்பி."

"நாளைக்கும் வருதுங்க மாமா."

என்ன பொறுமை, என்ன குணம் என்று கவுஸ் பாஷா உருகிப்போனார். எதிரே மாட்டு மந்தை வந்ததால் காரும் மெதுவாகவே போயிற்று. அப்போது வலது பக்கமாக ஒரு சக்கரம் தனியாக அவரை முந்திக்கொண்டு ஓடியது.

"யாரோ சக்கரத்த வுட்டுட்டுப் போறாம் பாரு. கண்ணு மண்ணு தெரியாம வண்டி ஓட்டறானுங்க" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்திருந்த பக்கம் தரையைத் தொட்டது. கார் கொஞ்ச தூரம் ரோட்டைக் கீறிக்கொண்டு போய் நின்றது. சக்கரம் நிற்கவில்லை. மாடுகளுக்கு நடுவே வழி கேட்காமல் புகுந்து, சரிவில் இறங்கி, ஏரியில் விழுந்தது.

ஒருவருக்கும் அடியில்லை. சுபான் இறங்கி, வெறும் போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தான். நட்டுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று புரிந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. பையன் பயந்துவிட்டான் என்று கவுஸ் பாஷா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

தூரத்தில் ரயில் கூவிவிட்டுப் போனது. சத்தம் கேட்டு ஓடி வந்த பச்சியப்பனைக் காருக்குக் காவல் வைத்துவிட்டு, மூவரும் தருமபுரி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

வீட்டில் ஜான் பீ கணவனைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. இந்தச் சம்பந்தமும் ஏரியில் போய்விட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தாள். உள்ளே கண்ணாடி வளையல்கள் குலுங்கின. சுபான் அந்தப் பக்கம் திரும்பினான். திரும்பியவன் திரும்பியபடியே இருந்தான்.

கவுஸ் பாஷா தலைகுனிகிற ஆள் இல்லை. கை கால் கழுவிவிட்டு வந்து, நடுக்கூடத்தில் ரோஷன் பீக்கு எதிரே பாயில் அமர்ந்தார்.

"எதிர்மரை வண்டின்னா அப்பிடித்தான் அக்கா. லேசுல யாருக்கும் புடிபடாது. நிக்காஹ் முடியட்டும், அந்த வித்தைய நானே பக்கத்துல நின்னு தம்பிக்குக் கத்துக் குடுக்கறேன்."

ரோஷன் பீ டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இவனுக்கு எதுக்குங்க சம்பந்தி கத்துக் குடுக்கறது? மெட்ராஸ்ல இந்தக் காருங்கள ரிப்பேர் பண்ற கம்பெனியிலதான் மேஸ்திரியா இருக்கான். ரயிலு போனாப் போவட்டும், உங்க பொண்ண இன்னொருவாட்டி பாத்துட்டுப் போலாம் அம்மான்னு, நான் வாயத் தொறக்காம என் கையப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தான்."