வராண்டா டீச்சர் விஷயமாக நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்

ராயபுரம்,
1969 ஆகஸ்டு, ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அருள்பிரகாசம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை டோரதியின் கணவன் ஜேக்கப் கைகூப்பி எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கே நானும் டோரதியும் குழந்தை ஐரீனும் நலம்; என் மானம் ஒன்றுதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. அரக்கோணத்தில் அக்காவும் பிள்ளைகளும் இதைவிட நல்ல நிலையில் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் காரியம். ஐரீன் பள்ளிக்கூடத்தில் சுகிர்தம் என்று ஒரு டீச்சர் வந்திருக்கிறார், நம் பிள்ளையை அவமானப்படுத்துகிறார், பள்ளிக்கூட மேனேஜரான பங்குச் சாமியார் உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவராயிற்றே, அவருக்கு ஒரு வரி எழுதி அந்த அம்மாவை வேறு எங்காவது மாற்றச் சொல்லுங்கள் என்று போன மாதம் உங்களைக் கேட்டிருந்தேன். தயவுசெய்து எழுதாதீர்கள். எழுதியிருந்தால் உடனே ரயிலேறி வந்து, என் தங்கை புருஷன் ஒரு மடையன், அவன் பேச்சைக் கேட்டு எழுதிவிட்டேன் என்று சாமியாரிடம் சொல்லுங்கள். நான் மறுக்க மாட்டேன். அந்த டீச்சர் போய்விட்டால் நம் ஐரீன் ஆயுசுக்கும் எழுத்துக் கூட்ட மாட்டாள். இதுதான் விஷயம். மீதியெல்லாம் என் வெட்கக்கேடு.

சுகிர்தம் டீச்சருக்கு என்று வகுப்பு கிடையாது. வாசிக்க வராத பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதற்காகவே தனியாகப் பயிற்சி எடுத்து வந்தவராம். வராண்டாவில் பாயை விரித்து, வகுப்புக்கு நாலைந்து பேராகக் கூட்டிவந்து, ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பார். எங்கள் சந்தில் அதற்கு மக்கு வராண்டா என்று பேர். மூன்றாம் வகுப்பு ஐரீனையும் அந்தப் பாயில் உட்காரவைத்துவிட்டார்கள் என்றதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஏனென்றால் ஹார்பரில் எனக்குச் சோறு போடுவதே படிப்புதான். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதை உரக்கப் படித்துச் சொல்லவேண்டும், எட்டாவதோடு நின்றவன் என்றாலும் என் குரல் மூன்று ஷெட் தாண்டிக் கேட்கும், அதே குரலில்தான் தினம் சாயங்காலம் காபியைக் கையில் வைத்துக்கொண்டு பாடத்தை வரிவரியாக நான் படிப்பேன், ஐரீன் பின்னாலேயே சொல்லுவாள், ரெண்டு நாளில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு தானே கடகடவென்று படிப்பாள், பக்கத்து வீட்டு ராஜாத்தி வாசலில் நின்று கேட்டுவிட்டு "இன்னாமா படிக்குது பார் இந்தப் பொண்ணு" என்பாள், இப்படிப்பட்ட பிள்ளைக்கா படிக்கத் தெரியாது என்று கூட வேலை செய்யும் லூயிஸைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

தலைமையாசிரியை மதர் இருந்தார், சுகிர்தம் டீச்சரும் இருந்தார். "என் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னது யாரு மதர்? புக்கைக் குடுங்க, இங்கியே பாத்துடலாம்" என்றேன். லூயிஸ், "நம்ம ஐரீனா? ரேடியோ மாதிரி படிக்கும் மதர்" என்றான். பக்கத்தையும் நானே தேர்ந்தெடுத்தேன். தேனீ பாடம்.

ஐரீன் ஆரம்பித்தாள். என்ன கம்பீரம். பாதியில் சுகிர்தம் டீச்சர் சத்தம் போடாமல் தன் உள்ளங்கையைப் பக்கத்தின் மேல் வைத்து மறைத்தார். ஐரீன் நிற்கவில்லை. பார்த்தீர்களா, கையை ஊடுருவிக்கொண்டு படிக்கிறது என் பிள்ளை என்று நான் மதரைப் பார்த்துத் தலையாட்டினேன், மச்சான். தலையாட்டினேன். "தேனீ பூவுக்குப் பூ பறந்து சென்று தேனைச் சேகரிக்கும்" என்ற ஐரீன் அப்போது ஒரு தடவை இருமினாள். என் இருமல். இருமிவிட்டு அதே ராகத்தில், "டோரதி, இன்னாடி இது, காபியா கழனித்தண்ணியா, சக்கரையே காணோம்" என்றாள். நிறுத்தாமல், "சேகரித்த தேனை அடையில் வைக்கும்" என்று முடித்தாள்.

மதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். லூயிஸ் புத்தகத்தை எட்டிப் பார்த்து, "மாமு, அப்டியா போட்டுக்கீது?" என்றான். ஐரீன் அதையும் பாடம் என்றுதான் நினைத்திருக்கிறாள். எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அவளுக்கு உதடு பிதுங்கியது. எத்தனையோ பெட்டி பார்த்தவன் நான்; அதில் ஒரு காலிப் பெட்டிக்குள் உட்கார்ந்து மேலே ஆணி அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சுகிர்தம் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஐரீன் அப்பா, பிள்ளைக்குக் காது தங்கமான காது. கண்ணுக்குத்தான் யாரும் இன்னும் வேலை குடுக்கலை. அறுபது பிள்ளைங்க ஒண்ணா சேந்து சொல்றப்ப எது படிக்குது, எது கூடவே பாடுதுன்னு கிளாஸ் டீச்சருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணா கேக்கத்தான் நான் இருக்கேன்" என்றார்.

"நான் இன்னா செய்யணும் டீச்சர்?"

"வாயை மூடிக்கிட்டு உக்காரணும். அவ படிக்கிறப்ப தப்பா படிச்சாலும் பேசக்கூடாது. அவளாவே திருத்திக்கட்டும். இதுவரைக்கும் அவ காதுல விழாத எழுத்தா பார்த்துக் குடுங்க. சோப்பு டப்பா, கடைப் பலகை, எதுவானாலும் சரி."

அன்றிலிருந்து வீட்டில் நான் ஊமை. ஐரீன் சோப்பு உறையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக உழும்போது சரியான வார்த்தை என் தொண்டை வரை வந்து நிற்கிறது, முழுங்குகிறேன், வயிறு உப்பிவிட்டது. டோரதி, "இப்பதான்யா இந்த வூட்டுல அடுப்பு எரியற சத்தம் எனக்குக் கேக்குது" என்கிறாள். பள்ளிக்கூடம் விட்டபிறகும் டீச்சர் ஐரீனைத் தனியாக வைத்துக்கொண்டு சொல்லித்தருகிறார். கோர்வையாகப் படிக்கக் கிறிஸ்துமஸ் ஆகும் என்கிறார். நேற்று மீன் கடையில் என்னைப் பார்த்து, "பிள்ளைக்காக இவ்வளவு அடங்கி உக்கார்ற அப்பா யாரு இருக்காங்க?" என்று வேறு சொல்லிவிட்டார். அவரை மாற்றச் சொல்லி எழுதிய கையில் நெத்திலியை ஏந்திக்கொண்டு நின்றேன்.

ஒன்றே ஒன்று. உங்களுக்கு அப்படி எழுதினது டோரதிக்குத் தெரியாது. அவளுக்கு அந்த டீச்சர் என்றால் உயிர். தெரிந்தால் எனக்குக் காபியே கிடையாது, சர்க்கரைக்கு அப்புறம் எங்கே போவது. ஆகவே இது நம் இருவருக்குள்ளேயே இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அந்தோணியார் உங்களுக்கு நல்ல சுகத்தையும், என்னைப் போன்ற உறவினர்களைப் பொறுத்துக்கொள்ளும் பலத்தையும் தருவாராக.

தங்கள் அன்பு மறவாத,
ஜேக்கப்.

பின்குறிப்பு: மேலே ரகசியம் என்று எழுதியதை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். முக்குக் கடையில் ஸ்டாம்பு வாங்கப் போய்த் திரும்பினேன். வாசற்படியில் ஐரீன் இந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாத எழுத்து வீட்டில் இது ஒன்றுதான் பாக்கி இருந்ததாம். டோரதியும் ராஜாத்தியும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். படிக்கும்போது நான் பேசக்கூடாது என்பது உத்தரவு. பேசவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்ததால் மானமும் ஒவ்வொரு எழுத்தாகவே போனது. 'மடையன்' என்ற இடத்தில் முதலில் தப்பாகப் படித்து, நின்று, தானே திருத்திக்கொண்டாள். ராஜாத்தி, "அத்த இன்னொரு தபா படி கண்ணு" என்றாள். கடைசி வரி வரைக்கும் படித்தாள், மச்சான். யாரும் சொல்லித்தராமல். டோரதி என்னை அடிக்கத்தான் எழுந்து வந்தாள், வந்தவள் பாதியில் அழுதுவிட்டாள். ஐரீன் என்னிடம், "நைனா, உன் எழுத்து ரொம்ப கலீஜா கீது, டீச்சர்கிட்ட காட்டவா?" என்று கேட்கிறாள்.

பதில் போடும்போது யோசித்து எழுதுங்கள். வீட்டில் படிக்கத் தெரிந்த ஆள் ஒன்று கூடிவிட்டது.